பிணை நின்ற லோரன்ஸ்

எல்கடுவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அதன் மேற்பிரிவில் எஸ். லோரன்ஸ் என்ற பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. அங்கே இருக்கிற சின்னக் கோயில் புனித லோரன்ஸ் பெயரில் உள்ள கோயில். ஓகஸ்ட் மாதம் அவருடைய திருநாள். அந்த மாதத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஆண் பிள்ளை பிறந்துவிட்டால் ஞானஸ்நானம் கொடுக்க வருகிற சாமியார் வேறு பெயர் யோசிக்கவே மாட்டார். சவரிமுத்துவின் மகன் ஒரு லோரன்ஸ், சந்தியாகுவின் மகன் இன்னொரு லோரன்ஸ். தகப்பன்மார் இரண்டு பேருக்கும் முதல் எழுத்து எஸ். விலாசமும் ஒன்றேதான்: மேற்பிரிவு, எல்கடுவ. தலைமுறை தலைமுறையாக அங்கே மனிதர்கள் குடியிருக்கிறார்கள். லயத்துக் காம்பராவின் கதவில் ஓர் இலக்கம் அடிக்க இன்றுவரை ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

தோட்டத்து ஆட்களுக்கு இதில் ஒரு குழப்பமும் இருந்ததில்லை. சவரிமுத்துவின் மகன் பள்ளிக்கூட வேன் ஓட்டினார், ஆகவே வேன் லோரன்ஸ். சந்தியாகுவின் மகன் மணல் லொறி ஓட்டினான், ஆகவே லொறி லோரன்ஸ். யாராவது புதிதாக வந்து லோரன்ஸ் வீடு எது என்று கேட்டால், வாசலில் விளையாடுகிற பிள்ளைகூட "எந்த லோரன்ஸ்?" என்று திருப்பிக் கேட்கும். இந்தக் கதையில் வேன் லோரன்ஸ் "அவர்", லொறி லோரன்ஸ் "அவன்". இரண்டு பேருக்கும் ஒரே வயதுதான். ஆனால் மரியாதையைப் பிறந்த திகதி பார்த்துக் கொடுக்க முடியாது.

வேன் லோரன்ஸின் தகப்பன், தாய், அக்காமார் எல்லோரும் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து மலைக்கு ஏறியவர்கள். அவருடைய மனைவி கெத்தரின் இன்றைக்கும் கொழுந்துதான் எடுக்கிறாள். அந்தக் குடும்பத்திலேயே பெரட்டுக்குப் போகாத முதல் ஆள் அவர். தோட்டத்து லொறியில் கிளீனராகத் தொற்றிக்கொண்டு, கழுவித் துடைத்து, டிரைவர்மார் வாயில் விழுந்து எழும்பித்தான் வண்டி ஓட்டப் பழகினார். லைசன்ஸ் கையில் வந்த அன்று அதை மாதா படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார் என்று கெத்தரின் சொல்லிச் சிரிப்பாள். அதிலென்ன சிரிப்பு? அவர் வாழ்க்கையில் பெயரும் படமும் சேர்த்து அச்சடித்துக் கொடுத்த மதிப்பான பொருள் அது ஒன்றுதான்.

வேன் அவருடையதல்ல. இரத்தோட்டையில் கராம்பு, மிளகு வாங்கி விற்கிற அப்துல் ஸமத் ஹாஜியாருடையது. ஆனால் பார்ப்பவர்களுக்கு அது தெரியாது, அப்படிப் பார்த்துக்கொண்டார். விடியக் காலையில் லயம் லயமாக நிறுத்தி, பிள்ளைகளை ஏற்றி, அந்த மலை வளைவுகளில் வேனை இறக்கி இரத்தோட்டைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவார். எந்தப் பிள்ளைக்கு எந்த வளைவில் வயிற்றைப் பிரட்டும் என்பது அவருக்குப் பாடம். அதற்காகவே முன் சீட்டுத் தட்டில் நாரத்தை இலை வைத்திருப்பார். "கசக்கி மோந்து பாருடா, வாயத் தொறக்காத" என்று பின்னால் திரும்பாமலே நீட்டுவார். தாய்மார் அவர் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு மலைக்கு நடந்துவிடுவார்கள், திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அவ்வளவு நம்பிக்கை.

பிள்ளைகளை இறக்கிவிட்டால் பள்ளிக்கூடம் விடும் வரை லோரன்ஸுக்கு வேலையில்லை. இந்த ஓய்வுதான் அவருக்கு வினையாக வந்து சேர்ந்தது. தோட்டத்தில் யாராவது பொலிஸில் மாட்டிக்கொண்டால் - விறகு வெட்டினான், சாராயம் காய்ச்சினான், திருவிழாவில் அடிபட்டான், என்னவாவது ஒன்று - நீதவான் பிணைக்கு ஆள் கேட்பார். பிணைக்கு நிற்க நிரந்தர விலாசம் வேண்டும், கிராம சேவகர் கடிதம் வேண்டும், நாலு வார்த்தை சிங்களம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நாள் சம்பளத்தை விட்டுக் கோட்டில் போய் நிற்க வேண்டும். மலையில் வேலை செய்கிறவனுக்கு அது முடிகிற காரியமா? ஆகவே எல்லோரும் வேன் லோரன்ஸிடம் வருவார்கள். அவருக்கு இல்லை என்று சொல்லவே தெரியாது. சலவை செய்த சட்டையைப் போட்டுக்கொண்டு போய், கையெழுத்து வைத்து, ஆளைக் கூட்டிக்கொண்டு வருவார். கெத்தரின் கத்துவாள்.

"ஊருல உள்ளவன் எல்லாத்துக்கும் நீங்க என்ன ஞானத் தகப்பனா?"

"அவனுக்கு வேற யாரு இருக்கா கெத்தரின்? ஒரு கையெழுத்துதானே."

ஒரு கையெழுத்துதானே. இந்த வார்த்தையைப் பிறகு எத்தனை தரம் நினைத்து நெஞ்சில் அடித்துக்கொண்டாரோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் லொறி லோரன்ஸ் நன்றாகக் குடித்துவிட்டு, லொறியைக் கொண்டுபோய் ஒரு வீட்டு மதிலில் ஏற்றினான். நல்ல வேளை, மதிலோடு போயிற்று. பொலிஸ் பிடித்தபோது அவன் கையில் லைசன்ஸும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. எங்கேயோ தொலைந்துவிட்டது என்றான். கோட்டில் பிணை கேட்டார்கள். அவன் மனைவி மார்கிரட் அழுதுகொண்டு வந்து நின்றது எந்த வாசலில் என்று சொல்லத் தேவையில்லை.

கோட்டில் கோப்பு எழுதுகிற லிகிதர் பிணைக்காரரின் அடையாள அட்டையைக் கேட்டார். லோரன்ஸின் அட்டை நைந்துபோய், புதியது எடுக்கக் கொடுத்திருந்தார். அதனால் சட்டைப் பையிலிருந்து லைசன்ஸை எடுத்து நீட்டினார். கொஞ்சம் பெருமையோடுதான் நீட்டினார், பொய் சொல்வானேன். லிகிதர் லைசன்ஸைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார், கூண்டில் நிற்கிறவனைப் பார்த்தார்.

"உங்கள் தோட்டத்தில் எல்லோருக்குமே லோரன்ஸ் என்றுதான் பெயரா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

கோட்டில் எல்லோரும் சிரித்தார்கள். லோரன்ஸும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, பிணைக்காரரின் லைசன்ஸ் இலக்கம் குற்றவாளியின் இடத்தில் ஏறிவிட்டது. பெயர் ஒன்று, விலாசம் ஒன்று. லைசன்ஸ் மேசையில் இருந்தது ஒன்றே ஒன்று. அந்த லிகிதர் கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு அவர் மேசையில் கோப்புகள் குவிந்து கிடந்தன.

பிறகு வழக்கு முடிந்தது. லொறி லோரன்ஸ் குற்றத்தை ஒத்துக்கொண்டான். அபராதம், அதோடு இரண்டு வருஷம் வண்டி ஓட்டத் தடை. அந்தத் தடை கொழும்பிலுள்ள லைசன்ஸ் கந்தோருக்குப் போய், அங்கே கம்ப்யூட்டரில் வேன் லோரன்ஸின் இலக்கத்தின் மேல் குந்திக்கொண்டது. லொறி லோரன்ஸோ தொலைந்த லைசன்ஸுக்குப் பதிலாகப் புதியது எடுக்கப் போனான். அவன் இலக்கத்தில் ஒரு புள்ளி இல்லை, தூசி இல்லை. கேட்டவுடன் கொடுத்துவிட்டார்கள். அது எப்படி என்று அவன் யாரிடமும் வாய் திறந்து கேட்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு குவைத்துக்கு டிரைவராகப் பறந்துவிட்டான்.

வேன் லோரன்ஸ் வழக்கம்போல வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். வழியில் பொலிஸ் மறித்தால் லைசன்ஸை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்துவிடுவார்கள். அவரை எல்லோருக்கும் தெரியும். அப்புறம் ஒரு நாள் புதிய ஏற்பாடு ஒன்று வந்தது. அட்டையைப் பார்ப்பதோடு விடுவதில்லை, கையிலிருக்கிற மெஷினில் இலக்கத்தையும் தட்டிப் பார்க்கிறார்கள்.

அன்று வேனில் பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். இரத்தோட்டைக்குக் கொஞ்சம் மேலே மறித்தார்கள். சார்ஜன்ட் இலக்கத்தைத் தட்டினார், நெற்றியைச் சுருக்கினார், மறுபடி தட்டினார்.

"இறங்கு" என்றார்.

"என்ன மாத்தையா?"

"உன் லைசன்ஸ் தடை செய்யப்பட்டிருக்கிறது. குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு. தடை இருக்கும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறாயே, உனக்கு வெட்கமில்லையா?"

லோரன்ஸுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "அது நான் இல்ல மாத்தையா, அது லொறி லோரன்ஸ்" என்றார். லயத்தில் இந்தப் பதில் போதும். ரோட்டில் போதவில்லை. சார்ஜன்ட் மெஷினை அவர் முகத்துக்கு நேரே திருப்பிக் காட்டினார். அவருடைய படம், அவருடைய பெயர், அவருடைய இலக்கம். கீழே சிவப்பு எழுத்து. தன் முகத்தைப் பார்த்து இது நானில்லை என்று எப்படிச் சொல்வது?

அவரைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார்கள். பிள்ளைகள் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். சின்னதுகள் இரண்டு மூன்று அழ ஆரம்பித்துவிட்டன. வேனைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் விட ஒரு கொன்ஸ்தாப்பிள் ஏறி உட்கார்ந்தார். ஜீப்பிலிருந்து லோரன்ஸ் தலையை நீட்டினார்.

"மாத்தையா, கடைசி சீட்டு ஓரத்துல இருக்கிற புள்ளைக்கு அடுத்த வளைவுல வாந்தி வரும். அந்தத் தட்டுல எல இருக்கு, குடுங்க."

கொன்ஸ்தாப்பிள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இலையைக் கொடுத்தாரா என்பது தெரியவில்லை.

பொலிஸில் அவர் சொல்லாத நியாயம் இல்லை. பொறுப்பதிகாரி எல்லாவற்றையும் கேட்டார். நல்ல மனிதர், தேத்தண்ணிகூட வாங்கிக் கொடுத்தார். "நீ சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் நான் கம்ப்யூட்டருக்கு எதிராக எப்படி எழுதுவது? கோட்டில் சொல்" என்றார். கோட்டில் நீதவான், "இது இந்த நீதிமன்றமே போட்ட தடை. பிழை என்றால் அடுத்த தவணையில் நிரூபியுங்கள்" என்றார். பிணை கொடுத்தார். இரண்டு பிணைக்காரர் வர வேண்டும்.

இரண்டே இரண்டு பேர். லோரன்ஸ் கூண்டில் நின்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். ஜெயகாந்த் வருவான், அடிபிடி வழக்கில் அவனுக்கு நின்றிருக்கிறார். கோயிலில் வேதம் வாசிப்பவர் வருவார், அவர் தம்பிக்கு நின்றிருக்கிறார். அது போக, லயத்துக்கு ஒருவராவது தேறும். அவர் கவலையே படவில்லை. "கெத்தரின், போய்ச் சொல்லு, நாளைக்கு வந்துருவாங்க" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு மறியல் சிறைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினார்.

கெத்தரின் அன்று மாலையே ஜெயகாந்த் வீட்டுக்குப் போனாள். அவன் கொழுந்துச் சாக்கை மடித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

"அக்கா, அண்ணன் எனக்கு நின்னாரு. நான் மறக்கல. மறந்தா மனுசனில்ல."

"அப்ப நாளைக்கு வர்றியா?"

"அண்ணன் இன்னைக்கு எதுனால உள்ள இருக்காருக்கா? பிணை நின்னதுனால தானே? நாளைக்கு எனக்கு இப்படி ஒண்ணு வந்து விழுந்தா? எனக்குத் தோட்டத்துல இந்தப் பேர் பதிவு ஒண்ணுதான் இருக்கு. புள்ளைங்க இருக்கு."

கெத்தரின் அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கே கதவைத் திறந்தவள் புருஷனுக்குக் காய்ச்சல் என்றாள். கோயில் வாசிப்பவர், ஜெபம் பண்ணுகிறேன் என்றார். லயம் லயமாகக் கால் தேய நடந்தாள். ஒவ்வொரு வாசலிலும் உட்காரச் சொன்னார்கள், பிளேன்டீ ஊற்றினார்கள், "நல்ல மனுசன், அவருக்குப் போயா இப்பிடி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கையெழுத்து என்றதும் எல்லோருக்கும் ஒரே பயம். கோட்டில் யார் கையெழுத்து வைத்தாலும் அது திரும்பி வந்து கழுத்தைப் பிடிக்கும் என்று மேற்பிரிவு முழுக்க ஒரே நாளில் பேச்சாகிவிட்டது. அந்தப் பாடத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் யாரென்றால், லோரன்ஸ்தான்.

கடைசியில் மார்கிரட் வீட்டுக்குப் போனாள். அதுதான் முதலில் போயிருக்க வேண்டிய வீடு. மானம் விட்டுப்போக மனம் வரவில்லை. மார்கிரட் புதிதாகச் சீமெந்து பூசிய காம்பராவில் கதிரை போட்டு உட்கார வைத்தாள். குவைத்துக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுக் கொடுத்தாள். லொறி லோரன்ஸின் முகம் திரையில் வந்தது, பின்னால் பெரிய கார் ஒன்று நின்றது.

"தெரியும் கெத்தரின், மார்கிரட் சொன்னா. மனசே சரியில்ல எனக்கு."

"நீங்க ஒரு வார்த்த வந்து சொன்னா போதும். அது நான்தான்னு சொன்னா போதும்."

"நான் இப்ப எப்டி வர்றது? லீவு தரமாட்டான். வந்து சொன்னேன்னா என் லைசன்ஸ புடுங்கிருவாங்க, இங்க வேல போயிரும். கொஞ்சம் பொறுங்க. திருநாளுக்கு வர்றேன். சத்தியமா வந்து நானே சொல்றேன்."

திருநாளுக்கு இன்னும் மாதக் கணக்கு இருந்தது.

லோரன்ஸ் மறியலில் காத்திருந்தார். ஒவ்வொரு நாளும் பெயர் கூப்பிடும்போது எழுந்து நிற்பார். பிணை வந்தது அவருக்கில்லை. முதல் சில நாட்கள், பஸ் இருந்திருக்காது, கிராம சேவகர் லீவாக இருக்கும், மழை பெய்திருக்கும் என்று ஆட்களுக்காகத் தானே காரணம் தேடினார். பிறகு தேடுவதை விட்டுவிட்டார். பக்கத்துப் பாயில் படுத்தவன், "உனக்கு ஊரில் ஒருத்தருமே இல்லையா?" என்று கேட்டான். லோரன்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வாழ்க்கையில் அவர் அவ்வளவு கேவலப்பட்டது கிடையாது, விலங்கு போட்டபோதுகூட.

முடிவில் பிணைக்கு வந்தது ஹாஜியாரும் பங்குச் சாமியாரும். ஹாஜியார் வயதானவர், கோட்டுப் படியில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார். வெளியே வந்ததும் லோரன்ஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கே வேன எடுக்கலாமா ஹாஜியார்?" என்றார். கேட்ட பிறகுதான் தடை நினைவு வந்தது.

"முதல்ல பேரைச் சுத்தமாக்குங்க லோரன்ஸ். ஓட்டத் தர்சனப் போட்டீக்கேன், சும்மா அதுவரைக்கும். வேன் எங்கயும் போகாது. ஒங்கட வேன்தான்" என்றார் ஹாஜியார். தர்சன் கீழ்ப்பிரிவுப் பையன், நன்றாகத்தான் ஓட்டுவான். ஆனால் அவனுக்கு எந்தப் பிள்ளைக்கு எங்கே வயிற்றைப் பிரட்டும் என்று தெரியாது.

ஒங்கட வேன்தான். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் லோரன்ஸ் அதற்குப் பிறகு நடந்தார். ஹாஜியார் தன் உறவில் ஒரு சட்டத்தரணியையும் பிடித்துக் கொடுத்தார். பெயர் ஸப்ரி, மாத்தளையில் இருப்பவர், இளம் ஆள். ஸப்ரி பழைய கோப்பை எடுத்துப் பார்த்து அரை நாளில் சங்கதியைக் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்து என்ன பிரயோசனம்? கோப்பில் குற்றவாளியின் பெயர் எஸ். லோரன்ஸ், பிணைக்காரரின் பெயரும் எஸ். லோரன்ஸ். இரண்டு இடத்திலும் ஒரே விலாசம், ஒரே இலக்கம். படிக்கிறவனுக்கு ஒரு மனிதன் தனக்குத் தானே பிணை நின்ற மாதிரி இருக்கிறது. கிராம சேவகர், இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தார். இரண்டு பேர் இருக்கிறார்கள், சரி. குடித்தவன் எவன் என்று அவர் கண்டாரா?

கொழும்புக் கந்தோருக்குப் போனால், கோட்டிலிருந்து திருத்தம் வந்தால்தான் நாங்கள் மாற்றலாம் என்றார்கள். கோட்டுக்கு வந்தால், கந்தோரிலிருந்து அறிக்கை வரட்டும் என்று தவணை போட்டார்கள். அறிக்கை வந்தது. அதில், கோட்டு உத்தரவின்படி தடை சரியாகவே பதியப்பட்டிருக்கிறது என்று இருந்தது. லோரன்ஸ் விடிய முந்திய பஸ்ஸில் போய், பொழுதுபட வருவார். போகிற வழியில் அவருடைய வேன் எதிரே வரும். பஸ் ஜன்னலோரத்தில் இருந்தால் முகத்தை உள்ளே இழுத்துக்கொள்வார்.

பிள்ளைகளின் தாய்மார் முதலில் "அண்ணே, எப்ப வருவீங்க? தர்சன் வேகமா ஓட்டுறான்" என்று கேட்டார்கள். பிறகு கேட்பது குறைந்தது. மறியலுக்குப் போய் வந்த ஆள் என்றால் பெண்களுக்கு ஒரு மாதிரித்தான். அவர்களும் என்ன செய்வார்கள், பிள்ளை விஷயம். கைச்செலவுக்கு லோரன்ஸ் தோட்டத்தில் கைக்காசு வேலைக்குப் போனார். பேர் பதியாமல் அன்றாடம் கூலி வாங்குகிற வேலை. தகப்பன் ஏறிய அதே மலை. கத்தியைப் பிடிக்கத் தெரியாமல் உள்ளங்கை கிழிந்து வந்து நின்றபோது கெத்தரின் மஞ்சள் அரைத்துக் கட்டிவிட்டாள். அவருக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

ஓகஸ்ட் வந்தது. கோயிலுக்கு வெள்ளை அடித்தார்கள், கொடி ஏற்றினார்கள். லோரன்ஸ் ஸப்ரியிடம் சொல்லி, திருநாளுக்கு அடுத்த வாரமே தவணை வருகிற மாதிரிச் செய்திருந்தார். லொறி லோரன்ஸ் வந்து கூண்டில் ஏறி நாலு வார்த்தை சொன்னால் அன்றைக்கே எல்லாம் முடிந்துவிடும். திருநாளன்று புனிதரின் சுருபத்தைத் தூக்கிக்கொண்டு லயம் சுற்றி வருகிறபோதும் அவர் கண் ரோட்டிலேயே இருந்தது. வாகனம் ஒன்றும் வரவில்லை. மார்கிரட் மட்டும் புதுச் சேலையில் வந்திருந்தாள். பூசை முடிந்ததும் அவளே கிட்ட வந்தாள்.

"டிக்கட் கெடைக்கலயாம் அண்ணே. பார்சல் அனுப்பியிருக்காரு. ஒங்களுக்கும் ஒரு சட்ட இருக்கு."

சட்டை. லோரன்ஸ் அவளை ஏசவில்லை. "வேணாம் மார்கிரட்" என்று மட்டும் சொன்னார். ஏசியிருக்கலாம். ஏசாமல் இருந்து இருந்துதான் இந்த நிலைக்கு வந்தார்.

அடுத்த தவணைக்கு முன்னால் ஸப்ரி அவரைக் கோட்டு வாசல் மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கும் முகத்தில் ஈயாடவில்லை.

"லோரன்ஸ், ஒங்களுக்கு ஒண்டு சொல்றேன், கோவிக்க வேணாம். இந்த வழக்கை வெல்லலாம். ஆனா அந்த ஆள் வராம வெல்ல வருஷக் கணக்காகும். அதுவரைக்கும் நீங்க ஸ்டியரிங் தொட ஏலாது. குத்தத்தை ஒத்துக்கொண்டா, அபராதமும் இன்னொரு வருஷத் தடையும். அதோட லைசன்ஸ் கைக்கு வந்திரும்."

"நான் செய்யலயே சேர்."

"தெரியும்."

"செய்யாதத செஞ்சேன்னு சொல்றதா?"

பக்கத்தில் கெத்தரின் நின்றாள். லோரன்ஸ் அவளைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "ஒரு வருசம்னா ஒரு வருசம். எப்பிடியாவது அந்த வேன்ல திரும்ப ஏறுங்க" என்றாள்.

எஸ். லோரன்ஸ் என்று கூப்பிட்டார்கள். அவர் கூண்டில் ஏறினார். குற்றப்பத்திரத்தை வாசித்தார்கள், மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: குடித்து வண்டி ஓட்டிய குற்றத்துக்காகத் தடை விதிக்கப்பட்டிருந்த காலத்தில் வாகனம் செலுத்தினீர். குற்றவாளியா, சுற்றவாளியா?

வாழ்நாளில் ஒரு சொட்டுச் சாராயம் தொடாத மனிதர். கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "குற்றவாளி" என்றார். உரக்கச் சொல்லும்படி கேட்டார்கள். உரக்கச் சொன்னார். நீதவான் தலையை நிமிர்த்தி அவரை ஒரு தரம் பார்த்தார். இத்தனை தவணை பிழை பிழை என்று சொன்ன ஆள்தானே இவன் என்று நினைத்திருப்பார். பிறகு எழுத ஆரம்பித்தார்.

அந்த வாரமே குவைத்திலிருந்து அழைப்பு வந்தது.

"மச்சான், முடிச்சிட்டியாமே. அப்பாடா. எனக்கு இத்தன நாளும் தூக்கமே இல்லடா. நீ செஞ்சத உசுரு உள்ளவரைக்கும் மறக்கமாட்டேன். எனக்கு ரெண்டாந் தரமும் பிணை நின்னுட்டே."

மறுமுனையில் அவன் உண்மையாகவே அழுதான். அதுதான் கொடுமை, பொய்யாக அழுதிருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம். "சரி மச்சான், ஒடம்ப பாத்துக்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த வருஷமும் போயிற்று. எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். தடை முடிந்து லைசன்ஸ் கையில் வந்ததும் லோரன்ஸ் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நேரே இரத்தோட்டைக்கு, ஹாஜியார் கடைக்குப் போனார். மிளகுச் சாக்குகளுக்கு நடுவில் ஹாஜியார் உட்கார்ந்திருந்தார். லைசன்ஸை வாங்கி, கண்ணாடி போட்டுப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அதைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"லோரன்ஸ், இப்ப ஸ்கூல் வேனுக்கு டிரைவர்ட பொலிஸ் ரிப்போட்டும் வைக்க வேணும். ஒங்கட பேருக்கு எடுத்துப் பாக்கச் சொன்னேன்."

"எடுங்களேன்."

"எடுத்திட்டேன். ரெண்டு குத்தம் ஈக்கி. குடிச்சு ஓட்டினது ஒண்டு, தடையில ஓட்டினது ஒண்டு. தாய்மார் என்னட்ட வந்து கேக்குறாங்க."

"அது நான் இல்லன்னு ஒங்களுக்குத் தெரியுமே ஹாஜியார். பிணைக்கு நீங்கதானே வந்தீங்க."

ஹாஜியார் நல்ல மனிதர். பேசுவதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்குத் தெரியும். நான் அவங்களுக்கு என்னண்டு சொல்ற? நீங்களே கோட்டுல ஒத்துக்கொண்டீங்க தானே."

லோரன்ஸ் லைசன்ஸை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஹாஜியார் தேத்தண்ணி சொன்னார், அவர் குடிக்கவில்லை. பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தார். வீட்டில் கெத்தரின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். மறுநாள் காலையில் அவர் பெரட்டுக்குப் போனார். கைக்காசுக்கு அல்ல, பேர் பதியவே போனார். கணக்கப்பிள்ளை பெயரைக் கேட்டுவிட்டு, வழக்கத்தில் இல்லாத மாதிரி அவர் முகத்தையும் ஒரு தரம் பார்த்தார்.

போன மாதம் மழை விட்டிருந்த ஒரு நாள், மின்சாரப் பட்டியல் கொடுக்கிற புதிய ஆள் ஒருவன் மேற்பிரிவுக்கு வந்தான். லயத்து வாசலில் நொண்டி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் லோரன்ஸ் வீடு எது என்று கேட்டான்.

"எந்த லோரன்ஸ்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. "குவைத் லோரன்ஸா, கேஸ் லோரன்ஸா?"

அந்தப் பிள்ளையை அவர்தான் முதல் வகுப்புக்கு வேனில் கொண்டுபோய் விட்டிருந்தார். உள்ளே கத்தி தீட்டிக்கொண்டிருந்த லோரன்ஸுக்கு எல்லாம் கேட்டது. வந்தவன் பட்டியலைப் புரட்டிப் பார்த்து, அதில் எஸ். லோரன்ஸ் என்று மட்டும்தான் இருக்கிறது என்றான்.

லோரன்ஸ் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

"கேஸ் லோரன்ஸ் நான்தான், தம்பி" என்று கையை நீட்டினார்.